ஞாயித்துக்கிழமை பாட்டில் போட்டதுக்குத் திட்டு வாங்கினேன், ஊருக்கே திரும்பிடவா?

கேள்வி: மேடம், எனக்கு வயசு 29, சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம் சூலூருங்க. பெங்களூர்ல அஞ்சு வருஷம் வேலை பார்த்துட்டு அக்டோபர் கடைசில பெர்லின் வந்தேன், ப்ளூ கார்டு விசா, படிச்சு வேலைக்கு வர்றவங்களுக்கு ஐரோப்பால குடுக்கறது. கல்யாணமாகி எட்டு மாசம், வைஃப் மார்ச்ல வர்றாங்க. நான் வந்து மூணு மாசம் ஆகப்போகுது, உண்மையச் சொன்னா எனக்கு இந்த ஊர் பிடிக்கல. நாலு மணிக்கே இருட்டுது. யாரும் சிரிக்கறதில்ல, ட்ரெயின்ல முறைக்கறாங்க. சூப்பர்மார்க்கெட்ல நான் பொருள எடுத்து பைல வைக்கறதுக்குள்ள அடுத்த ஆள் பொருள் வந்து விழுது, பில் போடறம்மா ஜெர்மன்ல என்னமோ சொல்றாங்க, பின்னாடி நிக்கறவங்க உஸ்ஸுங்கறாங்க. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலி கண்ணாடி பாட்டிலெல்லாம் கொண்டுபோய் கீழ இருக்கற தொட்டில போட்டேன், மாடில இருந்து ஒரு பாட்டி ஜன்னலத் திறந்து கத்தினாங்க பாருங்க, மொத்த பில்டிங்கும் எட்டிப் பார்த்துச்சு. ஆபீஸ்ல டீம் லீட் எல்லார் முன்னாடியும் "இது தப்பு"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டார். இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கேன், பயமா இருக்கு. முதல் மூணு மாசம் ஹனிமூன் மாதிரி இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கு மட்டும் ஏன் இப்படி? வீட்ல கேட்டா சூப்பரா இருக்குன்னு சொல்லி ஸ்னோ ஃபோட்டோ அனுப்பிட்டு இருக்கேன். சனி ஞாயிறு பெட்ட விட்டு எந்திரிக்கவே தோணறதில்ல. தப்பு பண்ணிட்டேனோ, பேசாம திரும்பிடலாமோன்னு இருக்கு. நீங்களும் பெர்லின்ல இருந்தவங்கன்னு கேள்விப்பட்டேன், அதான் எழுதறேன்.

பதில்:

தம்பி, முதல்ல அந்தப் பாட்டி விஷயத்த முடிச்சிடலாம், ஏன்னா உங்க லெட்டர்ல ரொம்ப நொந்து எழுதின இடம் அதுதான்னு எனக்குத் தோணுச்சு. ஜெர்மனில ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள்ங்கறது ஏதோ பழக்க வழக்கம் மட்டும் கிடையாது, அரசியல் சட்டத்துலயே இருக்கு. 1919-ல, முதல் உலகப்போர் முடிஞ்சு வந்த வைமார் குடியரசு காலத்துல எழுதின ஒரு வரிய 1949-ல புதுசா சட்டம் எழுதும்போதும் அப்படியே தூக்கி வெச்சுக்கிட்டாங்க. அதனாலதான் கடை மூடியிருக்கு, அதனாலதான் சுவத்துல டிரில் போடக்கூடாது, அதனாலதான் கண்ணாடி பாட்டில தொட்டில போட்டு சலங்குன்னு சத்தம் பண்ணக்கூடாது. தினமும் ராத்திரி பத்து மணில இருந்து காலைல ஆறு வரைக்கும் இதே கதைதான். இதெல்லாம் ஏர்போர்ட்ல யாரும் நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கறதில்ல, எல்லாருக்கும் பொறக்கும்போதே தெரியும்னு நெனச்சுக்கறாங்க. நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுதாம், வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சப்புறம் ஒருத்தர் திண்ணைல உக்காந்து நகம் வெட்டினா எங்க அப்பத்தா போட்ற சத்தம் மூணு தெருவுக்குக் கேக்கும், வெட்டினவருக்கு எதுக்குத் திட்டு விழுதுன்னே தெரியாது. உங்க பாட்டியும் அதே ஜாதிதான். ஹான்ஸோ ஸ்டெஃபானோ போட்டிருந்தாலும் அந்த ஜன்னல் திறந்திருக்கும், என்ன, அவங்க பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாங்க, உங்களுக்கு பாஷை வராததால முழுசா வாங்கிட்டு வந்துட்டீங்க.

உங்க லெட்டர ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை பென்சில எடுத்து ஒவ்வொரு வரி பக்கத்துலயும் இது எதனாலன்னு எழுதிப் பார்த்தேன். என்கிட்ட பேச வர்றவங்க லெட்டர் எல்லாத்துக்கும் நான் இப்படிப் பண்றதுதான். "நாலு மணிக்கே இருட்டுது", பக்கத்துல ஜனவரின்னு எழுதினேன். "எந்திரிக்கவே தோணறதில்ல", அதுவும் பாதி ஜனவரி. பாட்டில், பில் கவுண்டர், இது ரெண்டும் தெரியாத ரூல். டீம் லீட், பேச்சு வழக்கு. கடைசில பெர்லின்னு நேரடியா எழுத எனக்குக் கிடைச்சது ட்ரெயின்ல முறைக்கறது ஒண்ணுதான். உங்க லெட்டர்ல ஒரு வரிய மட்டும் நீங்களே பெருசா எடுத்துக்காம தாண்டிப் போயிட்டீங்க, அதுக்குக் கடைசியா வர்றேன்.

இருட்டு பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க இத எப்பவும் சின்ன விஷயமா நெனச்சிடறாங்க. பெர்லின் கிட்டத்தட்ட 52 டிகிரி வடக்குல இருக்கு. டிசம்பர் 21 வாக்குல காலைல எட்டே காலுக்கு சூரியன் வரும், சாயங்காலம் நாலு மணி ஆகறதுக்குள்ள போயிடும், ஏழரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான் பகல். சூலூர்ல வருஷத்துலயே சின்ன பகல் கூட பதினொன்றரை மணி நேரம் இருக்கும். அந்த ஏழரை மணி நேரத்துலயும் சூரியன் உச்சிக்கு வராது, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அங்க அடிக்கற வெயில் நம்ம ஊர் மார்கழில காலைல ஏழே முக்காலுக்கு சாஞ்சு அடிக்கற வெயில் மாதிரிதான், அதுவும் மேகம் விட்டாத்தான். 29 வருஷமா வெயில்ல வளர்ந்த உடம்ப அக்டோபர் கடைசில, அதாவது கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி சாயங்காலத்த திடீர்னு சுருக்கற அதே வாரத்துல, கொண்டுபோய் அங்க இறக்கியிருக்கீங்க. உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

குளிர்காலத்துல மட்டும் வந்து வெயில் வந்ததும் போற இந்த மனச்சோர்வுக்கு ஒரு பேர் வெச்சு 1984-ல கட்டுரை எழுதினவர் நார்மன் ரோஸந்தால்னு ஒரு டாக்டர். அவரே தென்னாப்பிரிக்கால வெயில்ல வளர்ந்து நியூயார்க் போனவர், அந்த ஊர் குளிர்காலத்துல தனக்கே ஏதோ ஆகுதேன்னு கவனிச்சவர். உங்களுக்கு அந்த நோய் இருக்குன்னு நான் சொல்லல, ஒரு லெட்டர வெச்சு அப்படிச் சொல்றது தப்பு. ஆனா வெளிச்சத்த மருந்து மாதிரி எடுத்துக்கறதுல நஷ்டம் இல்ல. லஞ்சுக்கு டெஸ்க்லயே சாப்பிடாம தினமும் பன்னெண்டுல இருந்து ஒண்ணுக்குள்ள அரை மணி நேரம் வெளிய நடங்க, மேகமா இருந்தாலும் பரவால்ல, ரூம் லைட்ட விட வெளிய வெளிச்சம் பல மடங்கு அதிகம். 10,000 லக்ஸ்னு போட்ட டேலைட் லேம்ப் எலக்ட்ரானிக்ஸ் கடைல கிடைக்கும், காலைல காபி குடிக்கும்போது அரை மணி நேரம் முன்னாடி வெச்சுக்கலாம், கண்ல பிரச்சனை இருக்கறவங்க, இல்ல ரொம்ப உற்சாகம் ரொம்ப சோர்வுன்னு மனநிலை மாறி மாறி ஆடறவங்க மட்டும் டாக்டரக் கேக்காம அதத் தொடக்கூடாது. அப்புறம் வைட்டமின் டி. அந்த ஊர் சூரியன் அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் தோல்ல அத உண்டாக்கற அளவுக்கு வலுவா இருக்காது, நம்மள மாதிரி மாநிறத்துக்கு வெயில் இன்னும் கூட நேரம் வேணும். ஃபேமிலி டாக்டர்கிட்ட போய் ரத்தம் எடுத்துப் பாருங்க, இன்சூரன்ஸ்ல வரலன்னா கைக்காசு குடுங்க, பாக்காம ஃப்ரெண்டு சொன்னான்னு பெரிய டோஸ் மாத்திரைய முழுங்காதீங்க.

ஹனிமூன் மேட்டர். இந்த ஒரு வார்த்தை எத்தனை பேர அழ வெச்சிருக்குன்னு சொல்லி முடியாது. ஸ்வெர்ரெ லிஸ்கார்ட்னு நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர், ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப்ல அமெரிக்கா போய்ட்டு வந்த நார்வேகாரங்க 200 பேர்கிட்ட பேசி 1955-ல ஒரு கட்டுரை போட்டார், முதல்ல சந்தோஷம், அப்புறம் சரிவு, அப்புறம் மேல ஏறும்னு இங்கிலீஷ் யூ எழுத்து மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு எல்லா ட்ரெய்னிங்லயும் எல்லா வெளிநாட்டு வாழ்க்கை வீடியோலயும் வந்து உக்காந்துக்கிச்சு. ஆனா அதுக்கப்புறம் காலீன் வார்டும் அவங்க கூட வேலை பார்த்தவங்களும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பான் பசங்கள வந்த நாள்ல இருந்து வரிசையா கவனிச்சாங்க, 1998-ல வெளியிட்டாங்க. அதுல அந்தப் பசங்க ரொம்பக் கஷ்டப்பட்டது வந்து இறங்கின புதுசுலதான். ஹனிமூன் எல்லாம் காணோம், முதல்ல அடி, அப்புறம் மெதுவா சரியாகுது. யோசிச்சுப் பாருங்க, வீடு இல்ல, பாஷை இல்ல, ஃப்ரெண்டு இல்ல, சம்பளத்துல வரி எவ்ளோ பிடிப்பான்னு தெரியல, இதுல எங்க இருந்து ஹனிமூன் வரும்? லிஸ்கார்ட் பார்த்தவங்க ஸ்காலர்ஷிப்ல போய்ட்டு ஊர் திரும்பினவங்க. உங்கள மாதிரி ஆறு மாச ப்ரொபேஷன்ல நின்னுக்கிட்டு, வீட்டுக்காரம்மாவுக்கு விசா பேப்பர் ரெடி பண்ணிக்கிட்டு, வெறும் சுவரும் தண்ணிக் குழாயும் மட்டும் இருக்கற சமையல் ரூமுக்கு அடுப்பும் சிங்க்கும் தேடி அலைஞ்சவங்க கிடையாது. (வாடகைக்கு விடற சில வீட்ல அடுப்பு மேடையே இருக்காதுன்னு கேட்டா நம்ம ஊர்ல யாரும் நம்பமாட்டாங்க. எங்க அம்மா நான் பொய் சொல்றேன்னு நெனச்சாங்க.)

பில் கவுண்டருக்கு வழி சொல்றேன், இது நான் ஒரு வருஷம் அசிங்கப்பட்டுக் கத்துக்கிட்டது. அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முயற்சியே பண்ணாதீங்க. தள்ளுவண்டிய எடுத்துட்டுப் போங்க, பெல்ட்ல தண்ணி, பால், அரிசின்னு கனமானத முதல்ல வைங்க, முட்டையும் தக்காளியும் கடைசி. அவங்க பீப் பீப்னு தள்ள தள்ள பைல அடுக்காம அப்படியே தள்ளுவண்டில திரும்பப் போட்டுக்கிட்டே இருங்க, காசக் குடுத்துட்டு ஓரமாப் போய் நிதானமா அடுக்கிக்கோங்க. போகும்போதும் வரும்போதும் ரெண்டே வார்த்தை: வந்தவுடனே அவங்க முகத்தப் பார்த்து "ஹலோ", கிளம்பும்போது "ஷ்யோனென் டாக் நோக்", அப்படின்னா மிச்ச நாளும் நல்லாருக்கட்டும். நீங்க சிரிச்சா மரியாதைன்னு நெனச்சு சிரிப்பீங்க, அங்க தெரியாத ஆளப் பார்த்து சும்மா சிரிச்சா இவனுக்கு என்ன வேணும்னுதான் பாப்பாங்க. மரியாதைய அவங்க சிரிப்புல வைக்கறதில்ல, வணக்கத்துல வைப்பாங்க. டாக்டர் கிளினிக் வெயிட்டிங் ரூமுக்கு ஒரு தடவை போங்க, ட்ரெயின்ல உம்முன்னு வர்ற அதே ஜனம் உள்ள நுழைஞ்சதும் உக்காந்திருக்கற எல்லாருக்கும் பொதுவா ஒரு "குட்டன் டாக்" சொல்லிட்டுத்தான் உக்காரும், உள்ள இருக்கறவங்களும் முணுமுணுன்னு திருப்பிச் சொல்லுவாங்க. முதல் தடவை பார்த்தப்போ என்னையத்தான் யாரோ தெரிஞ்சவங்க கூப்பிடறாங்கன்னு திரும்பிப் பார்த்தேன்.

ட்ரெயின்ல முறைக்கறது இருக்கே, அதுக்கு மருந்து கிடையாது. எல்லாரும் எல்லாரையும் பாக்கறாங்க, பார்வைய சீக்கிரம் எடுக்கமாட்டாங்க. அதுலயும் பெர்லின்காரங்க கொஞ்சம் கடுகடுதான், "பெர்லின் வாய்"னு அவங்களே அதுக்கு ஒரு பேர் வெச்சு பெருமையா வேற சொல்லிக்குவாங்க. பஸ் டிரைவர்கிட்ட வழி கேட்டா போர்டுல எழுதியிருக்கில்லன்னு பதில் வரும். மூணாவது வருஷம் எனக்கு அது சிரிப்பா மாறிடுச்சு, உங்களுக்கு மாறலன்னாலும் தப்பில்ல.

ஆபீஸ் விஷயத்துல நீங்க பயப்படறதுல பாதிக்கு ஆதாரம் இல்லன்னு நெனக்கறேன். "இது தப்பு"ன்னு அவர் சொன்னது நீங்க செஞ்ச அந்த வேலையப் பத்தி, உங்களப் பத்தி இல்ல. நாமளா இருந்தா நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க, ஆனா இந்த இடத்துல மட்டும் கொஞ்சம்னு இழுத்து, கேக்கறவர் முழுசாப் புரிஞ்சுக்காமலே டீ குடிக்கப் போற மாதிரி சொல்லுவோம். அங்க அந்த மெத்தைய வைக்கமாட்டாங்க. பாராட்டும் அதே மாதிரி வத்தலாத்தான் இருக்கும், "நிஷ்ட் ஷ்லெஷ்ட்", அதாவது மோசமில்லன்னு ஒருத்தர் சொன்னா அன்னைக்கு வீட்ல பாயசம் வைக்கலாம். பெர்லின்ல அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, "குறை சொல்ல ஒண்ணுமில்ல"ம்பாங்க, அதுக்கு மேல பாராட்டே கிடையாது. ஆனா மனசுக்குள்ளயே கணக்குப் போட்டுட்டு இருக்காதீங்க, அடுத்த வாரமே அவர்கிட்ட தனியா அரை மணி நேரம் கேட்டு வாங்கி, என் ப்ரொபேஷன் எப்படிப் போகுது, மிச்ச மாசத்துல நான் எத மாத்தணும்னு நேராக் கேளுங்க. நேராக் கேட்டா நேரா சொல்லுவாங்க, அந்த ஊர்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான். ப்ரொபேஷன் டைம்ல ரெண்டு வார நோட்டீஸ்ல அனுப்பலாம்ங்கறது உண்மை, அதனாலதான் யூகத்துல இருக்கறத விட கேட்டுடறது மேல்.

இவ்ளோ நேரம் எல்லாத்துக்கும் ஒரு காரணம் சொல்லிட்டே வந்தேன், அதனால ஒண்ணு சொல்லாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அங்க நிறவெறி இருக்கு. வீடு தேடும்போது நம்ம பேரப் பார்த்ததும் பதில் வராமப் போறது, தெருவுல குடிச்சிட்டு ஒருத்தன் திரும்பிப் போன்னு கத்தறது, எனக்கும் நடந்திருக்கு. அத கல்ச்சர் ஷாக்னு சொல்லி விழுங்க வேண்டாம். வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, திட்டினவங்க நீங்க செஞ்ச ஒரு காரியத்தக் காட்டித் திட்டினாங்களா, இல்ல நீங்க யாருங்கறதக் காட்டித் திட்டினாங்களா? பாட்டில்னா முதல் வகை. ரெண்டாவது வகை நடந்தா தேதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்துல யாரு இருந்தா எல்லாம் அன்னைக்கே எழுதி வைங்க, வேலை, வாடகை வீடு மாதிரி விஷயத்துல பாகுபாட்டுக்கு எதிரா 2006-ல இருந்து தேசிய சட்டம் இருக்கு, அரசு அலுவலகங்களுக்கு பெர்லின் மாநிலம் 2020-ல தனியா ஒரு சட்டமும் போட்டிருக்கு, இலவசமா ஆலோசனை குடுக்கற இடங்களும் இருக்கு.

சாப்பாடு பத்தி நீங்க ஒண்ணுமே எழுதல, ஆனா வாரத்துல அஞ்சு நாளும் டோஸ்டும் மேகியுமா ஓட்டறீங்கன்னு எனக்கு சந்தேகம். செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் நொய்க்கோல்ன் ஏரியாவுல கால்வாய் ஓரமா மைபாஹூஃபர்ங்கற தெருவுல துருக்கிக்காரங்க சந்தை போடுவாங்க. கொத்தமல்லி, பச்சை மிளகா, வெண்டக்கா, குட்டிக் கத்திரிக்கா எல்லாம் கிடைக்கும், கடை கட்டற நேரத்துக்குப் போனா ஒரு யூரோ ஒரு யூரோன்னு கூவி விப்பாங்க, கண்ண மூடினா உக்கடம் மார்க்கெட்ல நிக்கற மாதிரியே இருக்கும். அவங்க தாத்தா காலத்துல, 1961-ல ஜெர்மனியும் துருக்கியும் போட்ட ஒப்பந்தத்துல வேலைக்கு வந்த ஜனம், சிரிச்சுப் பேசுவாங்க, ஒரு ஆரஞ்சு சேர்த்துப் போடுவாங்க. கறிவேப்பிலைக்கு இந்தியக் கடைதான். தண்ணி கடின தண்ணி, கெட்டில்ல வெள்ளையாப் படியும், அதுக்குப் பயந்துடாதீங்க, குழாய்த் தண்ணிய தாராளமாக் குடிக்கலாம்.

சரி, நீங்க தாண்டிப் போன அந்த ஒரு வரி: "வீட்ல கேட்டா சூப்பரா இருக்குன்னு சொல்லி."

பிளாஷ்கோஅலேங்கற ஏரியாவுல மயூரபதி முருகன் கோயில் இருக்கு, யு7 மெட்ரோவுல அதே பேர் ஸ்டேஷன்ல இறங்கினா கிட்டதான், ஈழத்துத் தமிழர்கள் கட்டினது, கும்பாபிஷேகம் 2013-ல. நான் அங்க இருந்தப்போ போகப் போக ஒரு அம்மா பழக்கமானாங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க. அவங்க வந்தது 1984-ல, பெர்லினக் கிழக்கு மேற்குன்னு பிரிச்ச சுவர் இருந்த காலம். அப்போ ஈழத்துல இருந்து தப்பி வந்த நிறைய பேர் வந்த வழியே அதுதான், கிழக்கு ஜெர்மனியோட ஷோனஃபெல்ட் ஏர்போர்ட்ல இறங்கி, லோக்கல் ரயில் பிடிச்சு, பிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ஸ்டேஷன் வழியா மேற்கு பெர்லினுக்குள்ள வந்து அகதியாப் பதியறது. நான் ஒரு நாள் கேட்டேன், முதல் நாள் என்னம்மா தோணுச்சுன்னு. "வாயால புகை வந்ததடி பிள்ளை, காய்ச்சலாக்கும் எண்டு நினைச்சுப் பயந்துபோனன்"னாங்க. நான் சிரிச்சேன், அவங்களும் சிரிச்சாங்க, அப்புறம் அவங்களே தொடர்ந்தாங்க. "ரெண்டு வருசமா ஊருக்குக் கடிதம் போடேக்க, நல்ல சுகமா இருக்கிறன் எண்டுதான் எழுதுவன். அம்மாவும் நாங்கள் சுகம் எண்டு எழுதுவா. பிறகு ஒருநாள் ஏலாமல், நான் இஞ்ச தனிய இருந்து அழுறன் எண்டு எழுதிப் போட்டன். அதுக்குப் பிறகுதான் அம்மாவும் அங்க வீடு எரிஞ்சதை எழுதினவ."

அவங்க நிலைமை எங்க, நம்ம நிலைமை எங்க, ஒப்பிடறதுக்காக இதச் சொல்லல. ஆனா நான் இத்தனை வருஷமா வெளிநாட்ல இருக்கற பசங்ககிட்ட பேசற வேலைல கவனிச்ச ஒண்ணு இதேதான். புது ஊரு ஒருத்தர தனியாளா ஆக்கறதில்ல, ஊர்ல இருக்கறவங்ககிட்ட சொல்ற அந்த "சூப்பர்"தான் ஆக்குது. புது ஊர்ல நீங்க யாருன்னு யாருக்கும் தெரியாது, சரி. பழைய ஊர்ல தெரிஞ்ச நாலு பேருக்கும் நீங்க இப்ப எப்படி இருக்கீங்கன்னு தெரியக்கூடாதுன்னு நீங்களே கதவ சாத்திட்டீங்க. அப்புறம் உங்க மனசுல ஓடற பெர்லினப் பத்திப் பேச ஆளே இல்ல, அது ரூமுக்குள்ளயே சுத்தி சுத்தி பெருசாகுது.

நேரத்தையும் பாருங்க. குளிர்காலத்துல நாலரை மணி நேர வித்தியாசம். நீங்க வேலை முடிச்சு ஆறு மணிக்கு கூப்பிட்டா அங்க ராத்திரி பத்தரை, அம்மா கொசுவலைக்குள்ள போயிருப்பாங்க, ரெண்டு பக்கமும் அசதி, சாப்டியா, சாப்டேன், எப்படியிருக்கு, சூப்பர், வெச்சுடறேன். இத மாத்துங்க. சனிக்கிழமை காலைல ஏழரைக்கு எழுந்து கூப்பிடுங்க, அங்க மத்தியானம் பன்னெண்டு, அம்மா அடுப்படில இருப்பாங்க, ஃபோன ஜன்னல் மேல சாய்ச்சு வெச்சுட்டு சமைச்சுக்கிட்டே பேசுவாங்க. நீங்களும் உங்க அடுப்புல ஏதாவது வைங்க. எடுத்த எடுப்புல நான் கஷ்டத்துல இருக்கேன்னு ஆரம்பிச்சா அப்பா அன்னைக்கே டிக்கெட் போடச் சொல்லுவார். சின்ன உண்மைல ஆரம்பிங்க: அம்மா, இங்க தயிரே உறைய மாட்டேங்குது. அது உண்மையாவும் இருக்கும், குளிருக்கு உறை மோர் வேலை செய்யாது. அவங்க நாலு யோசனை சொல்லுவாங்க, நாலும் அங்க பலிக்காது (ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு உள்ள வெச்சா காலைல உறைஞ்சிடும், இது என் யோசனை), ஆனா அடுத்த வாரம் தயிர் என்னாச்சுன்னு கேப்பாங்க. ஒரு மாசத்துல பாட்டிகிட்ட திட்டு வாங்கினதையும் சொல்லிடுவீங்க, அப்பா சிரிப்பார்.

உங்க வைஃப் விஷயம் வேற. இவ்ளோ பெரிய லெட்டர்ல, அவங்ககிட்ட இதச் சொன்னீங்களான்னு ஒரு வார்த்தை இல்ல. அவங்க இப்ப வேலைய ரிசைன் பண்ற முடிவுல இருக்கலாம், சாமான் கட்டிட்டு இருக்கலாம், நீங்க அனுப்பின ஸ்னோ ஃபோட்டோவப் பார்த்துட்டு ஸ்வெட்டர் வாங்கிட்டு இருக்கலாம். அவங்க வந்து இறங்கினப்புறம் முதல் வாரத்துல உங்க முகத்துலயே எல்லாம் தெரியப்போகுது, அன்னைக்கு அவங்க கேக்கற முதல் கேள்வி ஏன் முன்னாடியே சொல்லலங்கறதாத்தான் இருக்கும். அவங்களுக்கு சின்ன உண்மை பெரிய உண்மைன்னு பிரிக்க வேண்டாம், இந்த லெட்டரையே அப்படியே அனுப்புங்க. திரும்பறதா இருக்கறதாங்கறது நீங்க தனியா எடுக்கற முடிவே கிடையாது. ப்ளூ கார்டுல இருக்கறவர் மனைவிக்கு விசாவுக்கு முன்னாடி ஜெர்மன் பரீட்சை கேக்கறதில்ல, வந்த உடனே வேலை பாக்கவும் அனுமதி உண்டு, அவங்க அதுக்கு ஏதாவது திட்டம் வெச்சிருப்பாங்க, அதையும் கேளுங்க.

திரும்பறது தோல்வின்னு நான் சொல்லமாட்டேன். போய்ப் பார்த்தோம், ஒத்து வரல, வந்துட்டோம்னு சொல்ற தைரியசாலிங்க எனக்குத் தெரியும், நல்லாத்தான் இருக்காங்க. ஆனா ஜனவரில இந்த முடிவ எடுக்காதீங்க. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, அன்னைக்கு ஏழரை மணிக்குத்தான் இருட்டும். ஜூன்ல ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், உங்க மாடிப் பாட்டி உள்பட ஊரே புல்லுல உக்காந்திருக்கும், அது வேற ஊரு மாதிரி இருக்கும். ஜூன் 15-ன்னு தேதி போட்டு காலண்டர்ல எழுதுங்க, அன்னைக்கு ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க, அப்பவும் இதே மாதிரி இருந்தா கிளம்புங்க, நானே சரின்னு சொல்றேன்.

ஒரே ஒரு விஷயத்துக்கு ஜூன் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. சனி ஞாயிறு மட்டும் எந்திரிக்கத் தோணாதது ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் அப்படியே இருக்கறது, தூக்கம் போறது, சாப்பாடு இறங்காதது, பிடிச்சது எதுவுமே பிடிக்காமப் போறது வேற. அப்படின்னா டாக்டர்கிட்ட போங்க, 116117-க்கு ஃபோன் பண்ணினா சைக்கோதெரபிஸ்ட்கிட்ட, அதாவது பேசி மனச சரி பண்ற நிபுணர்கிட்ட, முதல் பேச்சுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருவாங்க, அரசு இன்சூரன்ஸ்ல வரும். இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி நெனப்பு எட்டிப் பார்த்தாலே அவசர உதவி நம்பர் 112, யோசிக்கவே வேண்டாம். கூச்சப்படாதீங்க, பல்லு வலிக்கு போற மாதிரிதான்.

கடைசியா ஒண்ணு, இது ஆலோசனை கூட இல்ல, வேலை. அங்க வீட்டுக்கு ஃப்ளாட் நம்பர் கிடையாது, காலிங்பெல்லுலயும் தபால் பெட்டிலயும் ஒட்டியிருக்கற பேர்தான் அட்ரஸ். நான் போன புதுசுல பழைய ஆளோட பேரே ஒட்டியிருந்துச்சு, நான் கண்டுக்கல, பேங்க் கார்டு, இன்சூரன்ஸ் பேப்பர்னு வந்ததெல்லாம் ஆள் இல்லன்னு திரும்பிப் போச்சு, ரெண்டு மாசம் லோ லோன்னு அலைஞ்சேன். உங்க வைஃப் வந்து 14 நாளுக்குள்ள அட்ரஸ் பதியணும், அதுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறது குதிரைக்கொம்பு, இப்பவே தேட ஆரம்பிங்க. பதிஞ்சதும் டாக்ஸ் நம்பர் அவங்க பேர்ல தபால்ல வரும். வீட்டு ஓனருக்கு இன்னைக்கே ஒரு மெயில் போட்டு, மார்ச்சுக்குள்ள பெல்லுல உங்க பேர் பக்கத்துல அவங்க பேரையும் சேர்த்து ஒட்டச் சொல்லுங்க.